பழைய பிக்கப் வாங்குகிறவர்கள் பின்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்

பழைய லோடு வண்டி பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பானட்டைத்தான் திறக்கச் சொல்கிறார்கள். எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டு, ஆக்ஸிலேட்டரை இரண்டு முறை மிதித்துப் பார்த்து, மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று எட்டிப் பார்த்ததும் பேரம் தொடங்கிவிடுகிறது. மதுரையில் ஒரு பணிமனையில் பல ஆண்டுகள் கியர்பாக்ஸும், பின் அச்சின் நடுவிலிருந்து சக்கரங்களைச் சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுனும் பிரித்துப் பூட்டியவன் என்ற முறையில், இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். விற்பவர் கழுவித் துடைத்துத் தயார் செய்து வைத்திருப்பது முன்பக்கத்தைத்தான். வண்டி எவ்வளவு பாரம் இழுத்தது, யார் கையில் எப்படி உழைத்தது என்பதை அறிய அதன் பின் அச்சிலிருந்து தொடங்கி, கியர்பாக்ஸின் சுழற்சியை அந்த அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட், கியர்பாக்ஸ், கிளட்ச் என்று முன்னோக்கி வந்து, கடைசியில் எஞ்சினுக்குப் போக வேண்டும்.

ஓடிய கிலோமீட்டரை மட்டும் வைத்து ஒரு லோடு வண்டியை எடை போட முடியாது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து இரவோடு இரவாக மல்லிகையும் கனகாம்பரமும் ஏற்றிக்கொண்டு நான்கு வழிச்சாலையில் ஓடும் வண்டி இரண்டு லட்சம் கிலோமீட்டரை விரைவில் தாண்டிவிடும். ஆனால் பூ கனமான சரக்கு அன்று. டாப் கியரில் சீராக ஓடும் வண்டியில் கிளட்சுக்கும் கியருக்கும் வேலை குறைவு. அதே ஆண்டு வாங்கிய இன்னொரு வண்டி சூளையிலிருந்து செங்கல்லும், கிரஷரிலிருந்து எம்-சாண்டும் ஏற்றி, இருபது கிலோமீட்டர் வட்டத்துக்குள்ளேயே சுற்றியிருந்தால் மீட்டரில் எண்பதாயிரம்கூட ஏறியிருக்காது. ஆனாலும் மண் பாதையில் பாரத்தோடு முதல் கியரில் ஏறி, ரிவர்ஸில் ஒடித்து, நாள் முழுக்க அரைக் கிளட்சில் நின்ற வண்டி அது. இரண்டில் எதை வாங்கலாம் என்று கேட்டால், மற்றவை சரியாக இருக்கும் பட்சத்தில் பூ வண்டியைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். மீட்டரைத் திருத்தி வைப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால் அந்த எண்ணை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன்.

எவ்வளவு பாரம் ஏற்றினார்கள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பின் அச்சின் மேல் பாரத்தைத் தாங்கும் வில் பட்டைகளின் அடுக்கு, அதாவது பட்டைக்கட்டு, சொல்லிவிடும். கம்பெனி போட்ட பட்டைகளோடு கூடுதலாக ஒன்றோ இரண்டோ சேர்த்திருந்தால், சேர்த்த பட்டையின் நிறமும் முனை வெட்டும் வேறாக இருக்கும், யூ போல்ட்டும் நீளமானதாக மாறியிருக்கும். ஒன்றேகால் டன்னுக்கோ ஒன்றரை டன்னுக்கோ செய்த வண்டியில் மூன்று டன் ஏற்றுவதற்காகவே அப்படிப் பட்டை கூட்டுவார்கள். "ரெண்டு நடையை ஒரே நடையா அடிச்சா டீசல் மிச்சம்ணே" என்று ஓட்டுநர்கள் எங்களிடம் சொல்வதுண்டு. பட்டையைக் கூட்டியதால் வண்டியின் பின்பக்கம் தாழாமல் நிற்கும் என்பது உண்மை. ஆனால் கிளட்ச் பிளேட்டின் அகலமோ, கிரவுன் பல்லின் தடிப்போ, அச்சின் குறுக்களவோ கூடுவதில்லை. கூடுதல் பாரம் முழுவதையும் இழுப்பது அந்தப் பழைய பாகங்கள்தாம். 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அளவுக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதமும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் என்று ஆகியிருக்கிறது. அப்படியிருந்தும் பழக்கம் போகவில்லை.

கிரவுனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்குகிறவர்களை ஏமாற்றுவதில் அதற்கு இணையான பாகம் இல்லை. வண்டி நிற்கும்போது அது ஒரு சத்தமும் போடாது. ஐம்பது அறுபது கிலோமீட்டர் வேகத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டால்தான் தெரியும். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஊளை போல ஒரு சத்தம் எழுந்து, காலை எடுத்ததும் நின்றால், பாரத்தை இழுக்கும் பக்கத்துப் பல் தேய்ந்திருக்கிறது என்று பொருள். காலை எடுக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் பல்லின் மறுபக்கம் தேய்ந்திருக்கலாம், அல்லது கிரவுனைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியன் தளர்ந்திருக்கலாம். மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், வளைவில் திரும்பும்போது மட்டும் கூடிக் குறைகிற உறுமல் பெரும்பாலும் வீல் பேரிங்கிலிருந்து வருவது. அது சிறு செலவில் முடிந்துவிடும். கிரவுனும் பினியனும் அப்படியன்று. இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்தித் தேய்த்து ஜோடியாகவே செய்கிறார்கள் என்பதால் ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. ஜோடியாக வாங்கி, ஷிம் எனும் மெல்லிய தகடுகளை வைத்து இடைவெளி பார்த்துப் பொருத்தத் தெரிந்த கையும் வேண்டும். அந்த அளவு பிசகினால் புது கிரவுனும் பழையது போலவே ஊளையிடும்.

சென்ற ஆண்டு உசிலம்பட்டியிலிருக்கும் என் சித்தப்பா மகன் ஒரு வண்டியைக் கிட்டத்தட்ட முடித்துவிட்ட நிலையில் என்னை அழைத்துப் போனான். ஆண்டிபட்டிக் கணவாய் வழியாகத் தேனிப் பக்கம் காய்கறி ஓட்டிய வண்டி என்றார்கள். எஞ்சினில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. விற்பவரிடம் கேட்டுக்கொண்டு கிரவுன் ஹவுசிங்கின் அடியிலிருந்த டிரெயின் போல்ட்டைக் கழற்றினேன். அதன் முனையில் காந்தம் உண்டு. வழக்கமாக அதில் சாம்பல் நிறத்தில் பசை போல நுண்ணிய தூள் ஒட்டியிருக்கும். அது இயல்பான தேய்மானம், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அன்று வந்த போல்ட்டில் அந்தப் பசைக்கு நடுவே நகக்கணு நீளத்துக்கு மூன்று நான்கு இரும்புச் செதில்கள் நிமிர்ந்து நின்றன. ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டியபோது ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருந்தது. வழவழப்பான பக்கம் பல்லின் மேற்பரப்பு. பல் உரியத் தொடங்கிவிட்டது. "வேண்டாம்டா தம்பி, இந்த வண்டி இன்னும் ஒரு சீசன் தாங்காது" என்று சொல்லிவிட்டு வந்தோம். ஓட்டிப் பார்த்தபோது அதில் சத்தம் அநேகமாக இல்லை. வழக்கமான தொண்ணூறாம் நம்பர் ஆயிலுக்குப் பதில் கெட்டியான ஏதோ ஒன்றை ஊற்றி அடக்கி வைத்திருந்தார்கள்.

கிரவுன் முன்முகத்தில், ஆயில் வெளியேறாமல் தடுக்கும் பினியன் சீல் வழியாகவோ, வீல் டிரம்முக்குள்ளோ ஆயில் கசிந்திருப்பதும் அடிக்கடி காண்பது. சீலை மாற்றினாலும் மறுபடி கசிகிறது என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். ஹவுசிங்கின் மேல் ஒரு சிறிய காற்றுப்போக்கி இருக்கும். அது சேற்றால் அடைத்துக்கொண்டால், ஓடிச் சூடேறும்போது உள்ளே விரியும் காற்றுக்கு வெளியேற வழி கிடைக்காமல் சீலைத் தள்ளிக்கொண்டு வரும். வயலுக்குள்ளும் குளத்துமண் அள்ளவும் இறங்கிய வண்டிகளில் இதைப் பார்த்திருக்கிறேன். கம்பியால் குத்திச் சுத்தம் செய்தால் தீர்கிற வேலை, பல சீல்களைத் தின்றுவிடுகிறது. கசிவைக் கவனிக்காமல் ஓட்டியிருந்தால் ஆயில் மட்டம் இறங்கிப் பேரிங் காய்ந்திருக்கும் என்பதால், அளவுத் துளையில் விரலை விட்டு மட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புரொப்பல்லர் ஷாஃப்டில் பார்க்க வேண்டியவை குறைவு. வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்துக்கொண்டு ஷாஃப்டைக் கையால் முன்னும் பின்னும் திருகினால், அதன் முனைகளிலுள்ள சிலுவை வடிவ இணைப்பான கிராஸ் ஆடுகிறதா என்று தெரியும். கிராஸ் கப்பைச் சுற்றிச் செம்மண் தூள் போலத் துரு படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசிப் பேரிங் அரைபட்டிருக்கிறது. ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாறும்போது "டக்" என்று அடிப்பதும், குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் பாடி அதிர்வதும் இதனால் வரலாம். நடுப் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருந்தாலும் வரும். இவையெல்லாம் சில ஆயிரங்களில் முடிகிற வேலைகள், இதற்காக ஒரு நல்ல வண்டியை விட்டுவிட வேண்டியதில்லை.

கியர்பாக்ஸை எஞ்சின் ஓடும்போது நின்ற இடத்திலேயே சோதிக்கலாம். நியூட்ரலில் கிளட்சை விட்டிருக்கும்போது ஒரு கரகரப்பு இருந்து, மிதித்ததும் மறைந்தால் அது கியர்பாக்ஸின் முன் பேரிங். மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறதென்றால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது பல் கடித்தால், கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் வளையமான சிங்க்ரோ ரிங் தேய்ந்துவிட்டது. சிறுமலையின் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளிலும், வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் சாலையிலும் ஓடிய வண்டிகளில் மற்ற கியர்களைவிட இரண்டாவது கியர்தான் முதலில் போகும், ஏனென்றால் ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் அதில்தான். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் தானாக நியூட்ரலுக்குக் குதிக்கிறதா என்பதையும் கட்டாயம் பார்க்க வேண்டும். பாரத்தோடு மலையிறங்கும்போது அப்படி நேர்ந்தால் எஞ்சின் பிடிமானம் போய், முழு எடையும் பிரேக்கின் மேல் விழும். இதை நான் செலவுக் கணக்காகப் பார்ப்பதில்லை, உயிர்க் கணக்காகப் பார்க்கிறேன். வடித்த கியர் ஆயிலை வெயிலில் பிடித்துப் பாருங்கள். பொன்துகள் போல மினுமினுத்தால் அது பித்தளையாலான சிங்க்ரோ ரிங்கின் தூள்.

கிளட்சைச் சோதிக்கச் சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, மெதுவாகக் கிளட்சை விட வேண்டும். எஞ்சின் திணறி அணைந்தால் பிடிமானம் இருக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. ஒருமுறைக்கு மேல் செய்ய வேண்டாம், பிளேட் கருகும். வழுக்கினால் கியர்பாக்ஸை இறக்கித்தான் மாற்ற முடியும். கூலி ஒன்றேதான் என்பதால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். அப்படி இறக்கும்போது, பிளேட் அழுந்தும் சக்கரமான ஃபிளைவீலின் முகத்தில் நீலம் பாய்ந்த திட்டுகளும் முடி போன்ற வெடிப்புகளும் இருந்தால் அந்த வண்டி அளவுக்கு மீறி ஏற்றியதோ, அரைக் கிளட்சிலேயே ஓடியதோ என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இனி எஞ்சின். குளிர்ந்த எஞ்சினைத்தான் பார்க்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. காலை ஏழு மணிக்கு வருகிறோம், நாங்கள் வரும்வரை கிளப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதலில் ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், குளிரில் கிளப்பும்போது வெளிப்படும் ஏதோ ஒன்றை அவர்கள் மறைக்கிறார்கள். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். இழுக்கும்போது கரும்புகை வந்தால் டீசல் மிகுதியாகவோ காற்றுக் குறைவாகவோ போகிறது. ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ ஹோஸ் கிழிசல் போன்ற சிறு காரணமாகவும் இருக்கலாம். எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை நிற்காமல், தண்ணீரும் குறைந்துகொண்டே போனால், எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வாயின் மேல் கவிழ்த்து வைத்தால், பேக் கம்ப்ரஷன் உள்ள எஞ்சின் அதைத் துள்ள வைக்கும். பிஸ்டன் ரிங்கும், சிலிண்டரின் உட்சுவரான போரும் தேய்ந்து, எரிந்த வாயு கீழே இறங்குவதுதான் பேக் கம்ப்ரஷன். கெட்டி ஆயில் ஊற்றிச் சில நாட்களுக்கு இதை அடக்கலாம் என்பதால், குளிரில் ஒருமுறையும், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிச் சூடான பின் ஒருமுறையும் பாருங்கள்.

எல்லா நடுக்கமும் கோளாறு ஆகிவிடாது. 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த்தில் இருப்பது ஒன்றரை லிட்டர், மூன்று சிலிண்டர் எஞ்சின். ஐடிலில் அது கொஞ்சம் குலுங்குவது அதன் இயல்பு. மகிந்திரா பொலேரோ பிக்கப்பின் இரண்டரை லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சின் அதே அளவு குலுங்கினால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லையா, எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் போய்விட்டதா என்று தேட வேண்டும். ஆகவே ஒரு வண்டியைப் பார்க்கப் போகுமுன் அதே மாடலில் நன்றாக இருக்கும் வண்டி ஒன்றில் ஏறி ஓட்டிவிட்டுப் போவது நல்லது.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சேதம் உண்டு. அது தண்ணீரால் வருவது. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பும் கடினமும் கொண்டது. கூலண்டுக்குச் செலவழிக்க மனமில்லாமல் அந்தத் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள். கெட்டிலின் அடியில் படிவது போலவே வெள்ளைக் காறை ரேடியேட்டர் குழாய்களிலும், சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர்ப் பாதையிலும் படிந்து, சூடு வெளியேறாமல் தடுக்கும். துருவைத் தடுக்கும் மருந்தும் வெறும் தண்ணீரில் கிடையாது. வண்டி ஹீட் ஆகத் தொடங்கியதும் சாலையோரக் கடையில், எஞ்சின் வெப்பத்துக்கேற்பத் தண்ணீர்ப் பாதையைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, "இனிமே ஹீட்டே ஆகாதுண்ணே" என்று அனுப்பிவிடுவார்கள். சித்திரை வெயிலில் மேட்டில் ஏறும்போது மறுபடி ஹீட் ஆகும். மற்ற நேரங்களிலோ எஞ்சின் உரிய வெப்பத்துக்கே வராமல் ஓடி, டீசல் முழுதாக எரியாமல் போரைக் கழுவி, தேய்மானத்தைக் கூட்டும். காறையால் சூடேறி ஹெட் வளைந்திருந்தால், அதன் அடிமுகத்தைச் சீவிச் சமப்படுத்தும் ஹெட் பேசிங் செய்து சரியாக்குவார்கள். அதற்கும் ஓர் எல்லை உண்டு. மேலும் மேலும் சீவ முடியாது. ஆகவே எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். பச்சையோ சிவப்போ நிறமுள்ள தெளிந்த கூலண்ட் இருந்தால் உரிமையாளர் அக்கறையானவர். செம்பழுப்புத் தண்ணீரும், கழுத்தில் வெள்ளைப் பொருக்கும் இருந்தால் விலையில் ரேடியேட்டர் வேலையையும் ஹெட் வேலையையும் கழித்துப் பேசுங்கள். எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, எஞ்சினைக் கிளப்பியதும் குமிழ்கள் இடைவிடாமல் வந்தாலோ பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே கூடாது.

எல்லா சிலிண்டர்களுக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சின்களில், டீசல் 1,600 பார் அளவு அழுத்தத்தில் அதைத் தூவும் இன்ஜெக்டருக்குப் போகிறது. அந்த அழுத்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் நுண்ணிய தூசியும் செய்கிற சேதம் பெரிது. கேனில் வாங்கி ஊற்றும் டீசலில் ஓடிய வண்டிகளை நான் தவிர்ப்பேன். சூடான எஞ்சினை அணைத்துவிட்டு உடனே கிளப்பும்போது ஸ்டார்டர் நெடுநேரம் சுற்றினால், இன்ஜெக்டர்கள் டீசலைத் திரும்ப விடுகின்றனவா என்று ரிட்டர்ன் குழாய்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டில் கட்டி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மற்றவற்றைவிட ஒரு பாட்டில் வேகமாக நிறைந்தால் அந்த இன்ஜெக்டர்தான் குற்றவாளி.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 எனும் புகை மாசு விதிப்படி வந்த வண்டிகளில் பலவற்றில் சைலன்சரோடு புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியும் இருக்கிறது. அதில் சேரும் கரியை அறுநூறு டிகிரி அளவு சூட்டில் வண்டியே எரித்துக்கொள்ளும். அதற்குச் சற்று நேரம் நிற்காமல் ஓட வேண்டும். கீழவாசலுக்கும் சிம்மக்கல்லுக்கும் இடையிலேயே நின்று நின்று ஓடும் வண்டியில் கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும், இழுவை குறையும், விளக்கு எரியும். அதற்காக வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டு வெல்டிங் வைத்திருக்கிறார்களா என்று அடியில் குனிந்து பாருங்கள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் விளக்கு ஒருமுறை எரிந்து, வண்டி கிளம்பியபின் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம்.

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண், எஞ்சின் எண், தகுதிச் சான்றான எப்.சி.யின் தேதி, நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்றான என்.ஓ.சி. எல்லாம் வழக்கம்போலப் பார்க்க வேண்டியவை. எட்டு வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எப்.சி. எடுக்க வேண்டும் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி கைக்கு வந்த வாரத்திலேயே எஞ்சின் ஆயில், கியர் ஆயில், கிரவுன் ஆயில் மூன்றையும், ஃபில்டர்களையும் மாற்றிவிடுங்கள். பழையவர் எப்போது மாற்றினார் என்ற பேச்சை நம்பத் தேவையில்லை. தண்ணீர்ப் பாதையைக் கழுவி, பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரில் கூலண்டைக் கலந்து ஊற்றி, தெர்மோஸ்டாட் இல்லையென்றால் புதிதாகப் போடுங்கள். பட்டை கூட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு, ஆர்.சி.யில் போட்டிருக்கும் எடையோடு ஓட்டத் தொடங்குங்கள். ஓராயிரம் கிலோமீட்டர் ஓடியபின் கிரவுன் டிரெயின் போல்ட்டை மட்டும் இன்னொரு முறை கழற்றிப் பாருங்கள். சாம்பல் பசை மட்டும் இருந்தால் அடுத்த ஆயில் மாற்றம் வரை கவலையில்லை. மணல் போலத் துகள் வந்தால் பேரிங் அரைபடத் தொடங்கியிருக்கிறது. அந்த நிலையில் பிரித்தால் பேரிங்கோடு வேலை முடிந்துவிடும். தள்ளிப் போட்டால் பினியன் ஆடி, பல்லும் சேர்ந்து போய்விடும்.